வாயில் ஊற்றிய பால்

முத்தாயி தோசைக்காரி. கெர்பாவ் ரோட்டுக் கடைவீடு ஒன்றின் அஞ்சடி நடைபாதையில் காலையில் அவள் கல்லைப் போட்டுவிட்டால், தேக்கா சந்தைக்குப் போகிற யாரும் அவளைத் தாண்டித்தான் போக வேண்டும். பால்காரர்கள், முனிசிபல் கூலியாட்கள், கோயிலுக்குப் போய்த் திரும்புகிற பெண்கள் என்று எப்போதும் கூட்டம் இருக்கும். அவளுக்குப் பேச்சு குறைவு. தட்டு காலியானால் அடுத்த தோசை விழும். கையை மறித்துப் “போதும்” என்றால் நின்றுவிடும். “இன்னும் ஒண்ணே ஒண்ணு” என்று கெஞ்சிப் பரிமாறுகிற பழக்கம் அவளிடம் இல்லை. அதைக் குறையாகச் சொன்னவர்கள்கூட மறுநாள் அங்கேதான் வந்து உட்கார்ந்தார்கள்.

அவள் புருஷன் மருதப்பனுக்குத் துறைமுகத்தில் வேலை. கப்பலின் அடியறையிலிருந்து சரக்கு மேலே ஏறும்போது விளிம்பில் நின்று, வின்ச் ஓட்டுகிறவனுக்குக் கைகாட்டிக் கத்த வேண்டும். காற்றையும் இரும்புச் சத்தத்தையும் தாண்டிக் கேட்கிற தொண்டை அவனுக்கு. ஐம்பத்தைந்தாம் வருஷம் வேலைநிறுத்தங்கள் நடந்தபோது ஒலிபெருக்கி இல்லாமலே கூட்டங்களில் பேசினான். வீட்டிலும் அதே குரல்தான். மாடி அறையில் அவன் தண்ணீர் கேட்டால், கீழே மளிகைக் கடை வைத்திருந்த நாகூர் கனி, “தங்கச்சி, உன் வீட்டுக்காரருக்குத் தண்ணி வேணுமாம்லா” என்று அஞ்சடியில் இருக்கும் முத்தாயிக்குச் சிரித்துக்கொண்டே சேதி சொல்வார். பிள்ளைகள் இல்லை. அதைப் பற்றி இருவரும் வெளியே பேசியதில்லை.

வேலைநிறுத்தங்களுக்கு அடுத்த ஆண்டு மருதப்பனுக்குச் சோறு நெஞ்சில் நிற்க ஆரம்பித்தது. பிறகு குரல் கம்மியது. ஆஸ்பத்திரியில் உணவுக்குழாயில் புற்று என்றார்கள். அறுக்க முடியாத இடம், அறுக்க முடியாத அளவு. சில வாரங்களில் உணவுக்குழாய்க்கும் மூச்சுக்குழாய்க்கும் நடுவே ஓட்டை விழுந்துவிட்டது. எதைக் குடித்தாலும் பாதி நுரையீரலுக்குப் போனது. வயிற்றில் துளை போட்டு ஒரு குழாய் வைக்கலாம், அதன் வழியே கஞ்சி ஊற்றலாம் என்றார் அங்கிருந்த டாக்டர்.

“ஊத்தினா எத்தனை காலம் இருப்பேன்?” என்று மருதப்பன் கேட்டான்.

“கொஞ்ச காலம் கூட இருப்பாய்.”

“இந்த வலியோடயா?”

மருதப்பன் எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டான். “பீப்பாய்க்கு ஊத்துற மாதிரி எனக்கு ஊத்த வேணாம். வீட்டுக்குப் போறேன்.”

வீட்டுக்கு வந்து பார்த்தவர் டாக்டர் பேரின்பநாயகம். யாழ்ப்பாணத்துக் குடும்பம். சிராங்கூன் ரோட்டில் மருந்தகம் வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். மாடிப்படி ஏறி வந்து, சட்டைக் கையை மடித்து, வலிக்கு ஊசி போடுவார். ஊசி இறங்கிக் கொஞ்ச நேரத்தில் மருதப்பனுடைய விரல்கள் பாயைப் பிறாண்டுவதை நிறுத்தும். அப்படி ஒரு நாள் விரல்கள் அடங்கியதும் அவன் டாக்டரின் கையைப் பிடித்தான். குரல் வெறும் காற்றாக வந்தது.

“டாக்டர் ஐயா, இதையே கொஞ்சம் கூடப் போட்டா முடிஞ்சுரும்ல?”

பேரின்பநாயகம் கையை உருவிக்கொள்ளவில்லை. “இஞ்ச பாரும் மருதப்பன். வலிக்குத்தான் ஊசி போடுறன். வலி கூடினா மருந்தையும் கூட்டுவன். அதாலை ஆயுசு குறைஞ்சாலும் குறையட்டும், அதை நான் கடவுளுக்குச் சொல்லுவன். ஆனா நீர் சாகவேணும் எண்டு நினைச்சு நான் ஊசி போடேலாது. அது கொலை. நீரே கேட்டனீர் எண்டாலும் குற்றம்தான். தண்டனை கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.”

“அதே ஊசி. அதே மருந்து. மனசுல நினைக்கிறது மாறுனா குத்தமும் மாறிடுமா?”

“ஓம். சட்டம் மனசைத்தான் பாக்குது.”

“நானே ஏதாச்சும் வாங்கிக் குடிச்சா?”

“தப்பிப் பிழைச்சா உம்மிலை வழக்கு. எடுத்துத் தந்தவையிலையும் வழக்கு.” அப்படிச் சொல்லும்போது டாக்டர் முத்தாயியைத் திரும்பிப் பார்த்தார்.

மருதப்பன் டாக்டரின் கையை விட்டான். “சாப்பிடாம இருந்தா?”

இதற்கு டாக்டர் யோசித்தார். “வேண்டாம் எண்டுற ஆளுக்கு வாயைப் பிளந்து ஊத்தச் சொல்லி ஒரு சட்டமும் இல்லை எண்டுதான் நான் நினைக்கிறன்.”

அந்த ‘நினைக்கிறன்’ முத்தாயியின் காதில் விழவில்லை. சட்டம் இல்லை என்பது மட்டும்தான் விழுந்தது. அதுவும் அவளுக்கு நிம்மதியைத் தரவில்லை, ஆத்திரத்தைத்தான் தந்தது. டாக்டர் படி இறங்கியதும் புருஷனிடம் சண்டைக்கு நின்றாள்.

“ஊருக்கே சோறு போடுறவ நான். எம்புருஷன் என் வீட்டுல பட்டினி கிடந்து சாகணுமா? நாக்கைப் பிடுங்கிக்குற மாதிரி நாலு பேர் கேப்பாங்க.”

அன்று மாலை பார்லித் தண்ணீரை வடிகட்டி, ஆறவைத்து, கரண்டியால் கொடுத்தாள். அவளுக்காக அவன் வாயைத் திறந்தான். விழுங்கிய உடனே உடம்பு வில்லாக வளைந்தது. முகம் கறுத்தது. மூக்கு வழியாகத் தண்ணீரும் சளியும் வந்தன. மூச்சு திரும்பி வர வெகுநேரமாயிற்று. அவள் கரண்டியைக் கீழே போட்டுவிட்டு அவன் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

“கடல்ல மூழ்குற மாதிரி இருக்கு முத்தாயி,” என்றான். “ஒவ்வொரு வாய்க்கும் மூழ்கி மூழ்கி எந்திரிக்கிறேன். சாகப் பயமில்லை. தினம் தினம் சாகத்தான் முடியலை.”

மறுநாள் அவன் நாகூர் கனியை மாடிக்குக் கூப்பிட்டு அனுப்பினான். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து சுவரோரமாக உட்கார்ந்தார்.

“பாய், இனிமே நான் வாயைத் திறக்க மாட்டேன். சோறும் வேணாம், தண்ணியும் வேணாம். இது என் முடிவு. முத்தாயி முடிவு இல்லை. நாளைக்கு யாராச்சும் கேட்டா நீங்க சொல்லணும்.”

நாகூர் கனியின் கண்கள் கலங்கின. “எங்க மார்க்கத்துல இதுக்கு இடமில்லை தம்பி. ஆனா நீ சொன்னதை, சொன்னபடி சொல்லுவேன்.”

மருதப்பன் முத்தாயியைப் பார்த்தான். அவளும் அவனைப் பார்த்தாள். “சரி,” என்றாள். அவள் வாழ்க்கையில் சொன்ன வார்த்தைகளிலேயே அதுதான் கனமானது என்பது பிற்பாடுதான் அவளுக்குத் தெரிந்தது.

அதற்குப் பிறகு அவள் அஞ்சடியில் கல்லைப் போடவில்லை. புருஷன் பக்கத்திலேயே இருந்தாள். துணியை நனைத்து உதட்டை ஒற்றினாள். உதடு வெடிக்காமல் தேங்காய் எண்ணெய் தடவினாள். காலைப் பிடித்துவிட்டாள். டாக்டர் வந்து ஊசி போட்டுவிட்டுப் போனார். அந்த நாட்கள் அமைதியாக இருந்தன என்று அவள் பிற்பாடு சொல்வாள், யாரும் நம்பாவிட்டாலும். இருமல் நின்றுவிட்டது. மூழ்குவது நின்றுவிட்டது. ஊரிலிருந்து வந்த கப்பலிலிருந்து அவள் இறங்கிய அன்று, கரையில் நின்ற கூட்டத்தில் அவள் பெயரைக் கூவிக் கூவி அவன் அழைத்ததையும், அவள் வெட்கப்பட்டு வேறு பக்கம் திரும்பி நின்றதையும் நினைத்து இருவரும் சிரித்தார்கள். அவனுடைய சிரிப்புக்குச் சத்தம் இல்லை. தோள் மட்டும் குலுங்கியது.

தங்கராஜு வந்தது அப்போதுதான். மருதப்பனுக்கு அண்ணன். தெம்பனிஸ் பக்கம் மணல் தோண்டுகிற இடத்தில் கூலியாட்களை மேற்பார்க்கிற மண்டோராக இருந்தார். தம்பியை இந்தியாவிலிருந்து கூட்டிவந்து, தன் தட்டில் பாதியைக் கொடுத்து வளர்த்தவர். ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் பாதை வேலைக்குப் பிடித்துப்போகப்பட்டு, எப்படியோ உயிரோடு திரும்பினார். அங்கே பசியில் செத்தவர்களைப் பற்றி அவர் பேச மாட்டார். ஆனால் அவர் வீட்டில் யாரும் சோற்றை மிச்சம் வைத்துவிட்டு எழ முடியாது. மனைவி சந்திரமதி முதற்கொண்டு எல்லாரும் அதற்குப் பழகியிருந்தார்கள்.

ஒரு காலை நேரத்தில் அவரும் சந்திரமதியும் மாடிக்கு ஏறி வந்தார்கள். சந்திரமதியின் கையில் தூக்குச்சட்டி நிறையப் பசும்பால். பாயில் கிடந்த தம்பியைப் பார்த்ததும் தங்கராஜுவின் முகம் மாறிவிட்டது. அந்த எலும்புக்கூட்டை அவர் முன்பே பார்த்திருக்கிறார், வேறொரு தேசத்தில், மூங்கில் கொட்டகையில், வரிசை வரிசையாக.

“என்ன முத்தாயி இது? இவன் சாப்பிட்டு எத்தனை நாளாச்சு?”

“அவர் வேணாம்னுட்டாரு மாமா. விழுங்க முடியலை. நெஞ்சுக்குள்ள போயிடுது.”

“முடியலைன்னா விட்டுடுவியா? குழந்தை வேணாம்னா தாயி விட்டுடுவாளா?” தம்பியின் தலையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டார். “டேய் மருது, அண்ணன்டா. வாயைத் திறடா. ஒரு வாய்டா, எனக்காகடா.”

மருதப்பன் உதடுகளை இறுக்கினான். தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினான். முத்தாயி பாய்ந்து மூத்தாரின் கையைப் பிடித்தாள். அதுவரை அவர் முன்னால் அவள் நிமிர்ந்துகூட நின்றதில்லை.

“வேணாம் மாமா. உங்க காலைப் பிடிக்கிறேன். பாய் கிட்டக் கேளுங்க, டாக்டர் கிட்டக் கேளுங்க.”

“தள்ளு! சாகப்போறவனுக்குக்கூடச் சொந்தக்காரங்க பால் ஊத்துவாங்க. நீ பச்சைத் தண்ணிகூட ஊத்தாம உக்காந்திருக்கியே, நீ பொம்பளையா?”

இரண்டு விரலால் தம்பியின் தாடையை அழுத்தினார். கல் தூக்கிப் பழகிய கை. வாய் திறந்தது. பாலை ஊற்றினார். ஊற்றும்போது அவர் அழுதுகொண்டிருந்தார். அதை மறைத்து எழுதினால் அவருக்கு அநியாயம் செய்வதாகும். பால் மூக்கு வழியாக நுரைத்து வந்தது. மருதப்பனின் கண்கள் பிதுங்கி முத்தாயியைத் தேடின. அவள் சந்திரமதியின் பிடியில் திமிறிக்கொண்டிருந்தாள்.

அன்றே காய்ச்சல் கண்டது. மார்பு தண்ணீர்ப் பானை மாதிரி களகளவென்றது. டாக்டர் பேரின்பநாயகம் வந்து காதில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார். மறுநாள் உச்சிவெயிலில் மருதப்பன், மூழ்கி எழுந்து மூழ்கி எழுந்து, கடைசியில் எழாமல் போனான்.

தங்கராஜு நேரே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார். “என் தம்பியை அவன் பெண்சாதி பட்டினி போட்டுக் கொன்னுட்டா.” அவர் பொய் சொல்லவில்லை. அப்படித்தான் அவர் நம்பினார். கடைசி வரை நம்பினார்.

பிணம் பரிசோதனைக்குப் போயிற்று. முத்தாயியை விசாரிக்க அழைத்துப்போய் ஸ்டேஷனிலேயே உட்காரவைத்தார்கள். அவள் வெளியே வந்தபோது, பிணத்தை அண்ணனிடம் கொடுத்து, பிடாடாரி மயானத்தில் எல்லாம் முடிந்துவிட்டிருந்தது. வாய்க்கரிசி போட வேண்டியவளைக் கேட்காமலேயே ஊரார் போட்டிருந்தார்கள். மாடிக்கு வந்தாள். பாய் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் தூக்குச்சட்டி, அடியில் திரிந்த பாலோடு. நாகூர் கனிதான் அதை எடுத்துப்போய்க் கழுவினார்.

மரண விசாரணை கோர்ட்டில் நடந்தது. நீதிபதி ஆங்கிலத்தில் கேட்டார், மொழிபெயர்ப்பாளர் தமிழில் கேட்டார்.

“நீ உன் புருஷனுக்குச் சோறு தண்ணி குடுக்காம பட்டினி போட்டியா?”

“சோறு குடுக்கலைங்க. ஆனா பட்டினி போடலை,” என்றாள் முத்தாயி.

பின்வரிசையில் சிரிப்பு எழுந்தது. மொழிபெயர்ப்பாளரும் உதட்டைக் கடித்துக்கொண்டார். நீதிபதிக்கு ஆங்கிலத்தில் போய்ச் சேர்ந்தது முதல் பாதி மட்டும்தான் என்று நாகூர் கனி அடித்துச் சொல்வார். அவருக்குக் கொஞ்சம் ஆங்கிலம் தெரியும்.

நாகூர் கனி தாம் கேட்டதைக் கேட்டபடி சொன்னார். வலியில் பிதற்றுகிற மனிதன் சொன்னதை முடிவு என்று எப்படி எடுத்துக்கொள்வது என்று நீதிபதி கேட்டார். “அவர் பிதற்றலைங்க. என்னைவிடத் தெளிவா இருந்தாரு,” என்றார் கனி. அவரை இறங்கச் சொன்னார்கள்.

டாக்டர் பேரின்பநாயகத்தை அதிக நேரம் விசாரித்தார்கள். எவ்வளவு மருந்து போட்டீர், ஏன் கூட்டினீர், அதனால் சாவு முந்தியிருக்குமா என்று கேள்விகள் அவரையே சுற்றி வந்தன. அவருடைய நெற்றி வியர்த்தது. கடைசியில், “உணவு கொடுக்க வேண்டாம் என்று நீர் சொன்னீரா?” என்று கேட்டபோது, “இல்லை. முடிந்தவரை கொடுக்கப் பார்க்க வேண்டும் என்பதே என் கருத்து,” என்றார். முத்தாயி இருந்த பக்கம் அவர் திரும்பவில்லை.

பரிசோதனை செய்த டாக்டர் நுரையீரலில் பால் இருந்ததாகச் சொன்னார். அதனால் வந்த நிமோனியாதான் உயிரை எடுத்தது என்றும் சொன்னார். முத்தாயி நிமிர்ந்து பார்த்தாள். பாலை ஊற்றியது யார் என்பது அந்த அறையில் எல்லாருக்கும் தெரியும்.

நீதிபதி தீர்ப்பைப் படித்தார். தீராத நோயாளி நிமோனியாவால் இறந்தார், யார் மேலும் குற்றவழக்கு இல்லை. தமையனார் பாசத்தால் செய்ததைக் குறை சொல்ல முடியாது. மனைவியோ தன் கடமையிலிருந்து வெகுதூரம் தவறிவிட்டாள். இதை அவள் மனசாட்சிக்கு விட்டுவிடுகிறேன்.

வெளியே படிக்கட்டில் டாக்டர் அவள் பக்கமாக வந்து நின்றார். தொப்பி கையில் சுழன்றது. “நீங்கள் செய்தது பிழையில்லை, முத்தாயி. அந்தக் காலத்திலை எங்கட அரசர்மார் சோறு தண்ணி விட்டு வடக்கிருந்து உயிர் விட்டவை. அதைப் பெருமையாத்தான் எல்லாரும் சொல்லுகினம்.”

“அதை உள்ள சொல்லியிருக்கலாமே டாக்டர் ஐயா,” என்றாள் முத்தாயி.

அவர் அதற்குப் பிறகு கெர்பாவ் ரோட்டுப் பக்கம் நடந்து வருவதை நிறுத்திக்கொண்டார்.

தமிழ்ப் பத்திரிகை ஒன்றில் செய்தி வந்தது. கணவனுக்குச் சோறு போடாத தோசைக்காரி என்று தலைப்பு. சில நாள் கழித்து முத்தாயி கல்லைப் போட்டு மாவை ஊற்றினாள். மணம் தெருவில் போயிற்று. ஆட்கள் எதிர்ப்பக்கத்து அஞ்சடியில் ஏறி நடந்தார்கள். அவளிடம் ஆண்டுக்கணக்கில் சாப்பிட்ட பால்காரர் ஒருவர் மட்டும் நின்றார். “அவ கையாலயா சாப்பிடப்போறீங்க?” என்று யாரோ கேட்டார்கள். அவர் தயங்கி, ஏதோ மறந்துவிட்டவர் மாதிரி நெற்றியில் தட்டிக்கொண்டு போய்விட்டார். சுட்ட தோசைகளை முத்தாயி இலையில் சுற்றி, நாகூர் கனி கடையில் வைத்தாள். அவர் ஒன்றைப் பிட்டு, வாசலில் எல்லாரும் பார்க்க நின்று தின்றார். அந்த ஒருவரால் ஒரு வியாபாரம் நடந்துவிடாதே.

அப்புறம் அவள் பாத்திரம் தேய்த்தாள். ஒரு வக்கீல் வீட்டில் துணி துவைத்தாள். அவள் யார் என்று தெரிந்ததும் அங்கே சமையலறைக்குள் விடவில்லை. ஜூரோங்கில் சதுப்பை நிரவித் தொழிற்சாலைகள் எழும்பியபோது, அப்துல் மஜீது என்பவர் அங்கே தொழிலாளர்களுக்கான சாப்பாட்டுக் கடை எடுத்திருந்தார். நாகூர் கனி சொல்லி, முத்தாயிக்கு அங்கே வேலை கிடைத்தது. ஜூரோங்கில் யாருக்கும் பழைய கதை தெரியாது. செம்மண் புழுதியோடு வந்து உட்காருகிறவர்களுக்குச் சோறு சூடாக இருந்தால் போதும். அவள் மறுபடி தோசைக் கல்லுக்கு முன்னால் நின்றாள். ஆனால் முன்பு பேச்சுதான் குறைவாக இருந்தது, இப்போது முகமும் மூடிக்கொண்டது.

மறைத்து வைத்தாலும் ஒரு கதை போய்ச் சேர வேண்டியவர்களிடம் போய்ச் சேர்ந்துவிடுகிறது. முதலில் வந்தவள் பூவம்மா. கெர்பாவ் ரோட்டில் எதிர்வீட்டுக்காரி. கோர்ட்டு நாளில் முத்தாயியைப் பார்த்துக் காறித் துப்பியவர்களில் ஒருத்தி. தன் தாயார் கிடையில் கிடக்கிறாள், கஞ்சியைத் துப்புகிறாள், என்ன செய்யட்டும் என்று கடையின் பின்பக்கமாக வந்து கேட்டாள்.

“எனக்கு ஒண்ணும் தெரியாது. போ,” என்றாள் முத்தாயி.

அவளுக்குப் பின் வேறு சிலரும் வந்தார்கள். யாரும் முன்வாசலால் வரவில்லை. வந்தவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, அவளுக்கு ஏதோ ரகசிய வித்தை தெரியும் என்பதுபோலப் பேசினார்கள். கோயில் வாசலில் பார்த்தால் அதே பெண்கள் திரும்பிக்கொண்டார்கள். அவளுடைய கசப்பு முற்றியது அப்படித்தான். துப்பியது ஒரு பங்கு என்றால், துப்பிய வாயாலேயே வந்து கேட்டது ஒன்பது பங்கு.

அறுபத்தேழில் சந்திரமதி வந்தாள். தலை நரைத்து, உடம்பு தளர்ந்துவிட்டது. முத்தாயி அவளை உட்காரச் சொல்லவில்லை. அவளே ஒரு மூட்டையின் மேல் உட்கார்ந்துகொண்டாள்.

“உங்க மாமாவுக்கு வாதம் வந்துருச்சு முத்தாயி. ஒரு பக்கம் விளங்கலை. பேச்சு போயிருச்சு. ஆஸ்பத்திரில கிடக்கிறாரு.”

முத்தாயி மாவைக் கலக்கிக்கொண்டிருந்தாள்.

“எதைக் கொண்டு போனாலும் வாயை மூடிக்கிறாரு. முதல்ல விழுங்க முடியலைன்னுதான் நெனைச்சேன். இல்லை. வேணாம்கிறாரு. நல்லா இருக்கிற கையால கரண்டியைத் தட்டி விடுறாரு. கையெடுத்து என்னைக் கும்பிடுறாரு முத்தாயி. ஒத்தைக் கையால.” சந்திரமதி அழுதாள். “அன்னைக்கு நீ சரின்னு விட்டுட்டே. நான்தான் உன்னைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். இப்ப நான் விட்டுடட்டுமா? நீதான் சொல்லணும். எனக்கு வேற யாரைக் கேக்குறதுன்னு தெரியலை.”

முத்தாயிக்குப் பதில் தெரியும். விடுங்கள் அக்கா, உதட்டை நனைத்து, கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருங்கள் என்று சொல்ல வேண்டும். உலகத்தில் வேறு யாரையும்விட அவளுக்கு அது நன்றாகத் தெரியும்.

“டாக்டர் என்ன சொல்றாரு?” என்று கேட்டாள்.

“மூக்கு வழியாக் குழாய் போட்டுப் பால் ஊத்தலாம்கிறாரு. போட்டா இன்னும் கொஞ்ச காலம் இருப்பாராம். யோசிச்சு சொல்றேன்னேன்.”

முத்தாயி கையைக் கழுவித் துடைத்துக்கொண்டாள்.

“போடச் சொல்லுங்க அக்கா. விட்டீங்கன்னா போலீஸ் வரும். கோர்ட்டுக்குக் கூப்பிடுவாங்க. பேப்பர்ல பேர் வரும். நீங்க தொட்ட தண்ணியை யாரும் குடிக்க மாட்டாங்க. ஊத்தினவங்களை யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. அன்னைக்கு உங்களை யாராச்சும் கேட்டாங்களா?”

அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. சந்திரமதி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். அவள் முகத்தில் ஒரு பாரம் இறங்கிய தெளிவு இருந்தது. “நல்ல வேளை உன்னைக் கேட்டேன்,” என்றாள்.

சில வாரங்கள் சென்று முத்தாயி ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஏன் போகிறாள் என்று அவளையே கேட்டாலும் தெரிந்திருக்காது. பார்வையாளர் நேரம். தங்கராஜு சன்னலோரக் கட்டிலில் கிடந்தார். மூக்கில் ரப்பர்க் குழாய், கன்னத்தில் ஒட்டுப்பட்டை. விளங்கிய கையை மெல்லிய துணியால் கட்டில் கம்பியோடு கட்டியிருந்தார்கள். குழாயைப் பிடுங்கிப் பிடுங்கிப் போடுகிறார் என்றாள் நர்ஸ், பிள்ளையைப் பற்றிச் சொல்வதுபோல. சொல்லிக்கொண்டே குழாயின் முனையில் புனலை வைத்துப் பாலை ஊற்றினாள். பால் இறங்கியது. தங்கராஜுவின் கண்கள் நகர்ந்து முத்தாயியின் மேல் நின்றன.

அவளை அடையாளம் தெரிந்துவிட்டது. கட்டியிருந்த கையின் விரல்கள் விரிந்தன, மடங்கின, விரிந்தன. வேறு யாருக்காவது அது வெறும் நடுக்கமாகத் தெரிந்திருக்கும். முத்தாயிக்கு அது சந்திரமதி சொன்ன ஒற்றைக் கைக் கும்பிடாகத் தெரிந்தது.

“மாமா,” என்றாள். சந்திரமதியிடம் சொல்லிக் குழாயை எடுக்கச் சொல்லலாம். டாக்டரிடம் சொல்லலாம். யாராவது கேட்பார்களோ மாட்டார்களோ, சொல்லியாவது பார்க்கலாம். அவள் கட்டிலின் கால்மாட்டில் மணி அடிக்கும் வரை நின்றாள். பிறகு எல்லாரோடும் சேர்ந்து வெளியே வந்தாள். பஸ்ஸில் ஜூரோங் திரும்பும் வழியில் அவளுக்கு நன்றாகப் பசித்தது.

தங்கராஜு மாதக்கணக்கில் கிடந்தார். முதுகெல்லாம் புண் வைத்து, மழைக்காலத்தில்தான் போனார். இழவு வீட்டில் எல்லாரும் சந்திரமதியைப் புகழ்ந்தார்கள். இந்தக் காலத்தில் இப்படிப் பார்க்க யாரால் முடியும் என்றார்கள். கூட்டத்தின் ஓரத்தில் நின்ற முத்தாயியைச் சந்திரமதி தேடிவந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். “கடைசி வரைக்கும் அவர் வயித்தை நான் காயவிடலை முத்தாயி. எல்லாம் நீ சொன்ன யோசனை.” பக்கத்தில் இருந்த பெண்கள் முதல் முறையாக முத்தாயிக்கு நகர்ந்து இடம் கொடுத்தார்கள். ஒருத்தி காப்பி கொண்டுவந்து தந்தாள்.

அவள் அதைக் குடிக்காமல் வைத்துவிட்டு, நடந்தே நாகூர் கனியின் கடைக்குப் போனாள். அவருக்கு வயதாகிவிட்டது, கல்லாவில் மகன் இருந்தான். கனி ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டார். நடந்ததையெல்லாம் அவள் அவரிடம் சொன்னாள். அழவில்லை.

“அவர் எம்புருஷனுக்குச் செஞ்சது தெரியாமச் செஞ்சது, பாய். பாசத்துல செஞ்சாரு. நான் தெரிஞ்சே செஞ்சேன். டாக்டர் சொன்னாரே, சட்டம் மனசைத்தான் பாக்கும்னு. என் மனசுல என்ன இருந்துச்சுன்னு எனக்குத் தெரியும். இதுக்கு என்ன சட்டம்?”

“இதுக்குச் சட்டம் ஒண்ணும் இல்லம்மா,” என்றார் கனி.

“இருந்திருக்கலாம்,” என்றாள் முத்தாயி.

மளிகை வாங்க இரண்டு பேர் வந்தார்கள். கனி அவர்களுக்குப் பருப்பை நிறுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பியபோது அவள் எழுந்து போயிருந்தாள். மறுநாள் ஜூரோங்கில் காலை ஷிப்டுக்கு வந்தவர்களுக்கு வழக்கம்போல் தோசை கிடைத்தது. அதற்குப் பிறகு பின்பக்கமாக வந்து கேட்ட எந்தப் பெண்ணையும் முத்தாயி பேசவே விடவில்லை. நல்லதோ கெட்டதோ, தன் வாயிலிருந்து இனி ஒருவருக்கும் யோசனை வரக்கூடாது என்று இருந்துவிட்டாள்.